குரோனா ஆணா, பெண்ணா? ஓர் ஓவியத்துக்குக் குறிச்சொல் இடுவதில் உள்ள சிக்கல்

உயர்தரம் படிக்கும் என் பெறாமகள் நன்றாகப் படம் வரைவாள். ஜப்பானிய அனிமே பாத்திரங்கள்தான் அதிகம். சில வாரங்களுக்கு முன் ஒரு படத்தை இணையத்தில் ஏற்றப் போனவள், கைபேசியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“சித்தி, இதுக்கு ஆண் எண்டு போடுறதோ, பெண் எண்டு போடுறதோ?”

படத்தில் இருந்தது குரோனா. ‘சோல் ஈட்டர்’ என்ற தொடரில் வரும் பாத்திரம். கட்டையாக, ஒழுங்கில்லாமல் வெட்டிய தலைமயிர், கால்வரை நீண்ட கறுத்த அங்கி, எப்போதும் பயந்துபோன கண்கள்.

“கதையில என்ன சொல்லுது?” என்று கேட்டேன்.

“ஒண்டும் சொல்லேல்ல. அதுதான் பிரச்சினை.”

சிறு பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால், இந்த ஒரு கேள்விக்காக அனிமே இரசிகர்கள் பல ஆண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். விதிகள் எழுதியிருக்கிறார்கள், சொற்களைத் தடை செய்திருக்கிறார்கள், சண்டை பிடித்துப் பிரிந்தும் இருக்கிறார்கள். ஒருவரை எந்தப் பெட்டிக்குள் போடுவது, அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. பெட்டிகளுக்குள் போடப்பட்டுப் பழகிய நாங்கள் அதை ஒருமுறை நின்று பார்ப்பதில் தவறில்லை.

குறிச்சொல் என்ன வேலை செய்கிறது?

ஒரு தொடரையோ விளையாட்டையோ விரும்பும் ஒருவர் அதன் பாத்திரங்களைத் தானாக வரைவதே இரசிகர் ஓவியம். இணையத்தில் இப்படிப்பட்ட படங்கள் இலட்சக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. அவற்றுக்குள் ஒன்றைத் தேடி எடுக்க உதவுவது குறிச்சொல். நூலகத்தில் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் இலக்கத்தைப் போன்றது அது.

யார் அந்தச் சொல்லை இடுகிறார் என்பது தளத்துக்குத் தளம் வேறுபடும். 2007 இல் ஜப்பானில் தொடங்கப்பட்ட பிக்சிவ் தளத்தில் வரைந்தவரே தன் படத்துக்குக் குறிச்சொல் இடுவார். ஒரு படத்துக்குப் பத்துச் சொற்கள்வரை இடலாம். 2005 இல் தொடங்கிய டான்பூரு என்ற தளத்திலோ வரைந்தவர் அல்ல, பயனர்கள்தான் கூட்டாகச் சொற்களை இடுகிறார்கள், திருத்துகிறார்கள். (சிறுவர்களுக்கு ஏற்காத படங்களும் அங்கே உண்டு என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.) இரசிகர்கள் எழுதும் கதைகளுக்கான ‘ஆக்கைவ் ஒஃப் அவர் ஓன்’ தளத்தில் மூன்றாவது வழி இருக்கிறது. எழுதியவர் தான் விரும்பிய சொல்லை இடுவார். தொண்டர்கள் அந்தச் சொல்லை மாற்றாமல், பின்னால் இருந்து ஒரே பொருளுள்ள சொற்களை ஒன்றோடொன்று இணைத்துவிடுவார்கள். 2019 இல் ஹியூகோ விருது பெற்ற தளம் அது.

டான்பூருவில் ஒரு படத்தில் எத்தனை பேர், அவர்கள் ஆணா பெண்ணா என்பதைச் சொல்ல ‘1கேர்ள்’, ‘1போய்’ என்ற சொற்கள் இருக்கின்றன. இரண்டிலும் அடங்காதவர்களுக்கு ‘1அதர்’ என்று ஒன்று. என் பெறாமகளை நிறுத்தி வைத்ததும் இப்படி ஒரு தெரிவுதான்.

ஏன் இத்தனை பாத்திரங்கள்?

ஆணா பெண்ணா என்று பிடிபடாத பாத்திரங்கள் ஜப்பானியக் கதைகளில் இவ்வளவு அதிகமாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. கபுகி நாடகத்தில் பெண் வேடத்தை ஆண்களே கட்டுவார்கள். எங்கள் கூத்திலும் அப்படித்தானே. அதற்கு நேர்மாறாக, 1914 இல் முதல் நிகழ்ச்சியை நடத்திய தகராசுகா நாடகக் குழுவில் நடிப்பவர்கள் அனைவரும் பெண்கள். ஆண் வேடமும் அவர்களுடையதே. அந்தத் தகராசுகா நகரில் வளர்ந்தவர்தான் மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதையின் பெரும் முன்னோடியான டெசுகா ஒசாமு. 1953 இல் அவர் தொடங்கிய ‘ரிபொன் நோ கிஷி’ கதையின் நாயகி சஃபையர், ஆண் பிள்ளையின் இதயமும் பெண் பிள்ளையின் இதயமும் சேர்ந்து பிறந்தவள். 1972 இல் இகேதா ரியோகோ எழுதத் தொடங்கிய ‘வெர்சாயின் ரோஜா’வில் வரும் ஒஸ்கார், படைத் தளபதியாக்குவதற்காக ஆணாக வளர்க்கப்பட்ட பெண்.

இன்னொரு காரணம் மொழி. ஜப்பானிய மொழியில் வினைச்சொல் ஆண் பெண் காட்டுவதில்லை. எழுவாயை விட்டுவிட்டே பல வாக்கியங்களைப் பேசி முடிக்கலாம். ‘அவள்’ என்பதற்கு இன்று வழங்கும் ‘கனோஜோ’ என்ற சொல்கூட, ஐரோப்பிய நூல்களை மொழிபெயர்க்கும் தேவையால் மெய்ஜி காலத்தில் பரவியதுதான். ஆகவே ஓர் எழுத்தாளர் விரும்பினால், ஒரு பாத்திரத்தின் பாலைச் சொல்லாமலே நூறு அத்தியாயம் எழுதிவிடலாம். வாசகருக்கு எதுவும் குறையாகத் தெரியாது.

குரலும் சாட்சி சொல்லாது. அனிமேயில் சிறுவர்களுக்குப் பெண்கள் குரல் கொடுப்பது வழமை. வளர்ந்த ஆணான சொன் கோகுவுக்கும் நொசாவா மசாகோ என்ற பெண்மணிதான் 1986 முதல் குரல் கொடுத்து வருகிறார்.

எல்லாம் ஒரே வகை அல்ல

சண்டை பெரும்பாலும் தொடங்குவது, வேறு வேறு வகைப் பாத்திரங்களை ஒரே கூடைக்குள் போடுவதால். பிரித்துப் பார்த்தால் குறைந்தது நான்கு வகை தெரியும்.

முதல் வகை, ஆசிரியர் சொல்லாமல் விட்டவர்கள். குரோனா அப்படி. ‘அட்டாக் ஒன் டைட்டன்’ மங்காவின் ஹாஞ்சி ஸோயேயும் அப்படி. ஆசிரியர் இசயாமா ஹஜிமே ஹாஞ்சியின் பாலைத் திறந்தே விட விரும்பியதால், ஆங்கிலப் பதிப்பாளர்கள் ‘அவன்’, ‘அவள்’ இரண்டையும் தவிர்த்தார்கள். ஆனால் 2013 இல் வந்த அனிமேயில் ஹாஞ்சி பெண்ணாகவே காட்டப்படுகிறார். ‘கோமி’ தொடரில் வரும் ஒசானா நஜிமி பாவாடையும் ஆண் மாணவர்களின் கழுத்துப்பட்டியும் அணிந்து திரிந்து, கேட்பவர்களைக் குழப்பிச் சிரிப்பது அந்தப் பாத்திரத்தின் இயல்பு.

இரண்டாவது வகை, பாலே இல்லாதவர்கள். இச்சிகாவா ஹருகோவின் ‘ஹோசெகி நோ குனி’யில் வருபவர்கள் மனிதர்கள் அல்லர், இரத்தினக் கற்கள். அவர்களிடம் ஆணா பெண்ணா என்று கேட்பதே பொருந்தாது.

மூன்றாவது வகை, கதை தெளிவாகச் சொல்லியும் தோற்றம் ஏமாற்றுபவர்கள். ‘நருட்டோ’வில் காட்டுக்குள் மூலிகை பறிக்கும் ஹக்குவைப் பார்த்து, அழகான பெண் என்றே நருட்டோ நினைக்கிறான். போகும்போது ஹக்கு திரும்பி, தான் ஆண் என்று சொல்லிவிட்டுப் போகிறான். சந்தேகத்துக்கு இடமில்லை.

நான்காவது வகை, திருநர் பாத்திரங்கள். 2018 இல் வந்த ‘ஸொம்பி லேண்ட் சாகா’வின் ஹோஷிகாவா லிலி, ஆணாகப் பிறந்ததாகக் கருதப்பட்டுப் பெண்ணாக வாழும் சிறுமி. எட்டாவது அத்தியாயத்தில் அது தெரியவருகிறது. தெரிந்த பிறகும் தோழிகளுக்கு அவள் லிலிதான்.

இந்த நால்வரையும் ‘ஆணா பெண்ணா தெரியாதவர்கள்’ என்ற ஒரே சொல்லால் குறித்தால், ஹக்குவும் லிலியும் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னதைக் கேட்கவில்லை என்றாகிவிடும். குரோனாவுக்கு ‘பெண்’ என்று இட்டால், ஆசிரியர் வேண்டுமென்றே திறந்து வைத்த கதவை நாங்கள் சாத்துகிறோம்.

கண்டதை எழுதுவதா, அறிந்ததை எழுதுவதா?

படத் தொகுப்புத் தளங்களில் நெடுங்காலமாக ஒரு விதி உண்டு. கண்டதை எழுது, அறிந்ததை எழுதாதே. இதற்கு நியாயம் இருக்கிறது. நீல நிறச் சட்டை என்று தேடுபவருக்கு நீல நிறச் சட்டைதான் கிடைக்க வேண்டும். ‘அது கதையில் பச்சைதான்’ என்ற தகவலால் அவருக்குப் பயனில்லை. படத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், தொடரைப் பார்க்காதவரும் குறிச்சொல் இடலாம். விவாதம் குறையும்.

ஆனால் பால் என்பது சட்டையின் நிறம் அல்ல. ஒரு கோட்டோவியத்தில் நாங்கள் ‘பெண்ணைக் காண்கிறோம்’ என்றால், உண்மையில் காண்பது நீண்ட மயிர், பெரிய கண், ஒடுங்கிய தோள், பாவாடை. அவற்றைக் கூட்டிப் பெண் என்ற முடிவுக்கு வருவது எங்கள் பழக்கம். அனிமே ஓவியத்திலோ ஆண்களுக்கும் இதே கண், இதே தோள். கண்டதை எழுதினால் ஹக்கு பெண்ணாகிவிடுவான்.

மறுபக்கம், அறிந்ததை மட்டும் எழுதுவதிலும் சிக்கல் உண்டு. யாருடைய அறிவு? மங்காவைப் படித்தவருக்கு ஹாஞ்சி திறந்த கேள்வி, அனிமே மட்டும் பார்த்தவருக்கு ஹாஞ்சி பெண். மொழிபெயர்ப்பில் பார்த்தவருக்கு இன்னும் வேறு. 1995 இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘செய்லர் மூன்’ ஆங்கிலப் பதிப்பில், மூலத்தில் ஆணாக இருந்த ஸொய்சைட் பெண்ணாக மாற்றப்பட்டார். இரண்டு ஆண்களுக்கிடையிலான காதலைச் சிறுவர் நிகழ்ச்சியில் காட்ட விரும்பாமல் செய்த மாற்றம். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஸொய்சைட்டுக்குப் பெண் என்று குறிச்சொல் இட்டால், அவர்கள் அறிந்ததைத்தான் இடுகிறார்கள்.

ஆகவே ஒரு விதி மட்டும் போதாது. தோற்றத்தைத் தோற்றமாகவும், பாலைப் பாலாகவும் தனித்தனியே குறிப்பதுதான் வழி. நீண்ட மயிர், பாவாடை, மெல்லிய உடல் என்பவற்றைக் கண்டபடி எழுதலாம். ஆண், பெண், பிறர் என்பதற்குக் கதையைக் கேட்க வேண்டும்.

சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் தீர்ப்பு

பெண்போலத் தோன்றும் ஆண் பாத்திரங்களைக் குறிக்க ஆங்கிலம் பேசும் இரசிகர்கள் நெடுங்காலமாக ஒரு சொல்லைப் பாவித்தார்கள்: ‘ட்ரப்’. பொறி என்று பொருள். பார்ப்பவனைப் பெண் என்று நம்பவைத்துச் சிக்கவைப்பவர் என்பது அதன் உட்கிடை. இரசிகர்களுக்கு அது பகிடி. திருநங்கைகளுக்கு அப்படியல்ல. தங்களைத் தாக்கியவர்கள், கொன்றவர்கள்கூட ‘ஏமாற்றப்பட்டேன்’ என்று நீதிமன்றத்தில் சொல்லித் தண்டனையைக் குறைக்கப் பார்த்ததை அவர்கள் அறிவார்கள்.

2020 ஒகஸ்டில் ரெடிட் தளத்தின் ‘அனிமீம்ஸ்’ குழுமத்தை நடத்தியவர்கள் அந்தச் சொல்லைத் தடை செய்தார்கள். பெரும் எதிர்ப்பு எழுந்தது. கோபித்துக்கொண்டு பலர் வெளியேறினார்கள். ‘பாத்திரத்தைத்தானே சொல்கிறோம், மனிதரை அல்லவே’ என்பது அவர்கள் வாதம். ஆனால் லிலி போன்ற திருநர் பாத்திரங்களுக்கும் அதே சொல் ஒட்டப்பட்டது. அதைப் படிக்கும் திருநர் இளையோரும் அந்தக் குழுமத்துக்குள்ளேயே இருந்தார்கள். டான்பூருவில் இன்று அந்த இடத்தில் இருப்பது ‘ஒடொகோ நோ கோ’ என்ற ஜப்பானியச் சொல். உச்சரிப்பில் ‘ஆண் பிள்ளை’. எழுதும்போது பிள்ளை என்பதற்குரிய எழுத்துக்குப் பதில் மகள் என்பதற்குரிய எழுத்து. சிலேடை இருக்கிறது, குற்றச்சாட்டு இல்லை.

ஒரு பெயருக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கும் என்பதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ‘காணாமல் போனோர்’ என்று அரச அலுவலகங்கள் எழுதும்போது, ‘போகவில்லை, ஆக்கப்பட்டார்கள்’ என்று வீதியோரக் கொட்டகைகளில் இருந்து தாய்மார் திருத்துகிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஒரு வினைச்சொல் பழியை யார் மேல் சுமத்துகிறது, யாரிடமிருந்து எடுக்கிறது என்பதைக் கவனிக்கும் பழக்கம் எங்களுக்கு ஏற்கெனவே உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

தமிழில் எழுதும்போது

ஆங்கிலத்தில் ஒரு பிரதிப் பெயரை மாற்றினால் பிரச்சினை தீரும். தமிழில் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். குரோனா வந்தான், வந்தாள், வந்தார். முதலிரண்டும் தீர்ப்பு. மூன்றாவது தப்பிக்கும் வழி. எழுத்துத் தமிழில் ‘அவர்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆனால் யாழ்ப்பாணப் பேச்சில் மரியாதைக்கு ஆணை ‘அவர்’ என்றும் பெண்ணை ‘அவா’ என்றும்தானே சொல்கிறோம்? பேச்சில் ‘குரோனா வந்தவர்’ என்றால் ஆண் என்றே காதில் விழும். ‘அது’ என்றால் சிறு பிள்ளையைப் பாசத்தோடு சொல்வதாகவும் இருக்கலாம், மனிதரை அஃறிணையாக்குவதாகவும் இருக்கலாம். சொல்பவரின் குரல்தான் தீர்மானிக்கும்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் சொற்களுக்குத் தமக்கென்று தனி ஈறு இல்லை, உயர்திணையின் பாலீறுகளையே அவை கொள்ளும் என்கிறது. இலக்கணத்தில் பெட்டி இல்லாவிட்டாலும், அவர்கள் உயர்திணையே, மனிதரே என்பதில் அந்த நூலுக்கு ஐயமில்லை.

நடைமுறையில், எழுதும்போது ‘அவர்’ போதும். தேவையான இடங்களில் பெயரையே திரும்பச் சொல்லலாம். வினைமுற்றைத் தவிர்த்து ‘குரோனாவின் பயம்’, ‘குரோனா வாள் எடுக்கும் காட்சி’ என்று அமைக்கலாம். கொஞ்சம் பழகினால் தடங்கல் தெரியாது.

படத்தோடு முடிவதில்லை

இந்தக் குறிச்சொற்கள் இரசிகர்களின் வட்டத்துக்குள் மட்டும் நிற்கவில்லை. டான்பூருவின் படங்களையும் சொற்களையும் சேர்த்து ஆய்வாளர்களுக்காக வெளியிடப்பட்ட 2021 ஆம் ஆண்டுத் தொகுப்பில் சுமார் 49 இலட்சம் படங்களும் 16 கோடிக்கு மேற்பட்ட குறிச்சொற்களும் இருந்தன. 2022 ஒக்ரோபரில் நொவெல்ஏஐ என்ற நிறுவனம் வெளியிட்ட, சொன்னதை வரைந்து தரும் இயந்திரம், டான்பூருவில் கற்றதுதான். ‘1கேர்ள்’ என்று தட்டினால் எதை வரைய வேண்டும் என்பதை அது அறிந்தது, யாரோ ஒரு பயனர் நள்ளிரவில் இருந்து இட்ட சொற்களில் இருந்து. ஊதியமில்லாத அந்தக் கைகள் நீண்ட மயிரைக் கண்டதெல்லாம் பெண் என்று எழுதியிருந்தால், இயந்திரமும் அப்படியே நம்பும்.

இலங்கையிலும் ஒரு குறிச்சொல்லைச் சட்டைப்பையில் கொண்டு திரிகிறோம். தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டை அடுத்து வரும் மூன்று இலக்கங்கள், ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பதைச் சொல்லும். பெண் என்றால் அதனுடன் 500 கூட்டப்படும். ஜனவரி 1 இல் பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. 2016 இல் 12 இலக்க அட்டை வந்தபோதும் இந்த முறை மாறவில்லை. இலக்கத்தைப் பார்த்தவுடன் ஆள் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். தோற்றம் ஒன்றாகவும் இலக்கம் வேறாகவும் உள்ள ஒருவர் சோதனைச் சாவடியில் நின்றால் என்ன நடந்திருக்கும் என்பதை நாங்கள் ஊகிக்கலாம். அதே 2016 இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை ஒன்றின் மூலம் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. அதைப் பெறும் திருநர்கள் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மாற்ற விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கு முதலில் மருத்துவர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். அங்கே இரண்டு பெட்டிகள்தான். ‘1அதர்’ இல்லை.

எப்படித் தீர்மானிப்பது?

என் பெறாமகளும் நானும் அன்று பேசிப் பேசி எடுத்த ஒழுங்கு இது. வேறு பிள்ளைகளுக்கும் உதவலாம்.

முதலில் பாத்திரத்தின் பெயரையும் தொடரின் பெயரையும் இடுங்கள். தேடுபவர்களில் பெரும்பாலானோர் அவற்றைக் கொண்டே வருவார்கள்.

கதை பாலைச் சொல்கிறதா என்று பாருங்கள். பாத்திரம் தன்னைப் பற்றித் தானே சொன்னால் அதையே எடுங்கள். தோற்றம் வேறாக இருந்தால், அதைத் தோற்றத்துக்குரிய சொற்களில் எழுதுங்கள்.

ஆசிரியர் சொல்லாமல் விட்டிருந்தால் நீங்களும் விடுங்கள். ‘பிறர்’, ‘பால் குறிப்பிடப்படாதவர்’ என்பவை அறியாமையின் அடையாளம் அல்ல. சில வேளைகளில் அவையே சரியான விடை.

மங்காவிலும் அனிமேயிலும் வேறுபட்டால், எதைப் பார்த்து வரைந்தீர்களோ அதைப் பின்பற்றுங்கள். ஆணைப் பெண்ணாகவோ பெண்ணை ஆணாகவோ நீங்களே மாற்றி வரைந்திருந்தால், மாற்றியது என்பதைக் குறியுங்கள். வேறொருவரின் படத்துக்குக் குறிச்சொல் இடும்போது, வரைந்தவர் என்ன எழுதியிருக்கிறார் என்று முதலில் வாசியுங்கள்.

கடைசி விடயம்தான் முக்கியம். அனிமே வேடம் அணிந்த உண்மையான மனிதரின் புகைப்படத்துக்கு இந்த விளையாட்டு வேண்டாம். கோட்டோவியத்தைப் பார்த்து ஊகித்துப் பிழைவிட்டால் ஒரு சொல்லை அழித்தால் சரி. மனிதரைப் பார்த்து ஊகித்தால் அவர் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவார். கேளுங்கள். கேட்க முடியாவிட்டால் வெறுமையாக விடுங்கள்.

குரோனாவை ஏன் இவ்வளவு பிடிக்கும் என்று அன்று அவளிடம் கேட்டேன். சோல் ஈட்டரில், சொந்தத் தாயே குரோனாவை ஆயுதமாக வளர்க்கிறாள். இருட்டறையில் பூட்டி, கொல்லப் பழக்கி. வெளியே வந்த பிறகு யாருடனும் எப்படிப் பழகுவது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. பிறகு ஒருத்தி கை நீட்டுகிறாள். “அவள் மாக்கா, ‘நீ ஆர், எவர்’ எண்டு கேக்கேல்ல சித்தி. சும்மா பக்கத்தில போய் இருந்தவள்” என்றாள் பெறாமகள்.

அவள் இட்ட சொற்கள்: குரோனா, சோல் ஈட்டர், 1அதர், கட்டை மயிர், கறுத்த அங்கி. கீழே தமிழில் ஒரு வரி எழுத விரும்பினாள். வினைமுற்று வந்து மாட்டிக்கொண்டது. இரண்டு தரம் அழித்துவிட்டு எழுதினாள்: ‘குரோனா. பயம் கொஞ்சம் குறைந்த ஒரு நாள்.’